அருவாள் சிவந்த பகல்

பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பார்கள். எனக்கு வைத்தது அருவாள். நான் அம்மா இல்லாதவள். அதனால் முதல் பிரசவமே ஆரம்பாக்கத்தில், மாமியார் வீட்டில்தான். ஐம்பதுகளில் அந்தப் பக்கம் முழுக்க நெல் வயல்.

தீட்டுக்கூடக் கழியவில்லை. காலையிலிருந்து குழந்தை பால் குடிக்காமல், வயிறு உப்பி, காலை மடக்கி மடக்கி அழுதது. மாமியார் வந்து குனிந்தவர், அப்படியே தலைமாட்டைப் பார்த்தார். அருவாளின் அலகு சிவந்து கிடந்தது. தொட்டார். காய்ந்த ரத்தம் போல விரலில் ஒட்டியது.

அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகத்தான் சொன்னார்.

"வந்துட்டுப் போயிருக்குது. கொயந்த வயித்துல கைய வச்சிட்டுப் போயிருக்குது."

மாந்தமோ காற்றோ, எங்கள் ஊரில் அதற்கு ஒரே வைத்தியம், வயிற்றில் சூடு. பக்கத்துத் தெருவில் சூடு போடும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் போட்ட சூடு புண்ணாகி, அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு குழந்தை செத்துப்போயிருந்தது. பிடித்த காற்று விடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தாலும் நான் வாய் திறந்திருப்பேனா தெரியாது.

அந்த அம்மா வந்து கிணற்றடியில் உட்கார்ந்து, சூடு போடும் இரும்புக் கம்பியை மண் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். அடுப்பு மூட்டச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்து, "எதுக்குடி அயுவுற? வயித்துல இருக்கிற தழும்ப எவன் பாக்கப் போறான்?" என்று சிரித்தார்.

குழந்தையை இறுக்கிக்கொண்டு குனிந்தபோதுதான் பாய் ஓரத்தில் அதைப் பார்த்தேன். அருவாள் பிடிக்குக் கீழே நீலமாக ஒரு சொட்டு காய்ந்திருந்தது. அந்த நீலம் எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் உண்டு. மாட்டுக்குக் கோமாரி கண்டிருந்ததால், குளம்பு கழுவ மாமனார் மயில்துத்தம் கரைத்துக் கொட்டகையில் ஒரு பானையில் வைத்திருந்தார். அந்தத் தண்ணீருக்கும் சிவப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. சம்பந்தம் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

குழந்தையோடு எழுந்து வெளியே வந்தேன். தீட்டோடு எங்கே போகிறாய் என்று மாமியார் பின்னாலேயே வந்தார். கிணற்றடியில் இருந்த கம்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பானைக்குள் விட்டேன். சிவக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

எடுத்தபோது தண்ணீரில் முங்கிய வரைக்கும் கம்பி சிவந்திருந்தது.

"அத்தை, அருவாளும் இதுல..." கம்பியை அவரிடம் நீட்டினேன்.

புல்லுக்கட்டோடு வந்த மாமனாரை மாமியார் கேட்டார். காலையில் மாட்டின் காலில் கயிறு சிக்கிக்கொண்டதாம். அவசரத்துக்கு உள்ளே இருந்த அருவாளை எடுத்து அறுத்தாராம்.

"மாட்டுக் கால ரெண்டு கையாலயும் புடிச்சிகினு இருந்தேன். அருவாள எங்க வைக்கிறது? பானையில போட்டேன். அப்பறம் எடுத்தாந்து வச்சிட்டேன். உள்ள இருட்டு, எவன் பாத்தான்?"

"உன்ன வச்சிகினு நான் பேய வேற தேடினேன் பாரு," என்றார் மாமியார்.

அன்றைக்கு வயிறு உப்பிக் கிடந்தவளே பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து எனக்கு விளக்கினாள். துத்தத் தண்ணீரில் செம்பு செம்பாக இருக்காதாம், எலக்ட்ரான் இரண்டை இழந்து அயனியாக இருக்குமாம். இரும்பை விட்டால், இரும்பு தன்னுடைய இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தான் அயனியாகித் தண்ணீருக்குள் போய்விடுமாம். வாங்கிக்கொண்ட செம்பு மறுபடி செம்பாகி இரும்பின் மேலேயே படிந்துவிடுமாம். அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. கம்பி சிவந்ததே போதுமாயிருந்தது.

ஆனால் சூடு போடும் அம்மா எழுந்திருக்கவில்லை. "கம்பியத் தொடச்சிட்டா போவுது. புள்ள இன்னும் பால் குடிக்கலியே?" என்றார்.

மாமியார் தன் விரலில் ஒட்டியிருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையின் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இன்னிக்கி வாணாம். நீ போய்ட்டு வா."

அருவாளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மறுபடி தலைமாட்டிலேயே வைத்தார். பொழுது சாய்வதற்குள் குழந்தைக்கு வாயு பிரிந்து, பாலுக்கு வாய் வைத்தது. நான்தான் அந்த அடுப்பு அணைந்து, கங்கெல்லாம் சாம்பலாகும்வரை அவளை மடியிலிருந்து இறக்கவில்லை.