தூண் நகர்த்தும் லிஃப்ட்காரர்

கன்னம் தரையைத் தொடுமளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூணடியில் உள்ள அளவைப் படிக்கிறார். எழுந்து இரண்டடி போனதும் சந்தேகம் வந்துவிடுகிறது. திரும்பி வந்து மறுபடி குனிகிறார். அரங்கு நிறைய ஜனம் காத்திருப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

உள்ளரங்கில் நடந்த சர்வதேசத் தடகளப் போட்டி அது. ஆண்களுக்கான கோலூன்றித் தாண்டுதலில், குறுக்குக் கம்பியைத் தாங்கும் இரண்டு தூண்களையும் வீரர் கேட்கும் தூரத்துக்கு மெத்தைப் பக்கமாகத் தள்ளி வைப்பது இவர் பொறுப்பு. ஒருவர் ஐம்பது சென்டிமீட்டர் கேட்பார், இன்னொருவர் எழுபது. அவரவர் உடம்பு உச்சியைத் தொடும் இடத்தில் கம்பி இருக்க வேண்டும் அல்லவா?

மற்ற நாட்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். மைதானத்திலும் அவர் பெயர் லிஃப்ட்காரர்தான். "ஆளை மேல ஏத்தி விடறதுதாங்க நம்ம பொழப்பு. அங்க மோட்டார் ஏத்துது, இங்க அவங்களே ஏறிக்கிறாங்க" என்பார். அவர் வீடு நான்காவது மாடியில். படியேறித்தான் போகிறார். ஏன் என்று கேட்டால், "அந்த லிஃப்ட்ட ரிப்பேர் பாத்ததே நான்தானே, எனக்குத் தெரியாதா?"

பதினெட்டு வருடம் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் காசு வாங்காமல் உழைத்தவருக்கு இதுதான் முதல் சர்வதேச வாய்ப்பு. அவர் மனைவி எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். "வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஆறு மாசம் ஆகும். இங்க பாருங்க, என்னமா ஓடுறாரு!" என்று அலுத்துக்கொண்டார். முகமெல்லாம் பெருமை.

நான் போனது என் தம்பிக்காக. ஐந்தரை மீட்டர் உயரத்தில் இரண்டு முறை கம்பியைத் தட்டிவிட்டிருந்தான். மூன்றாவதும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால், கம்பி இன்னும் தள்ளி இருக்கட்டும் என்று, ஐம்பதில் இருந்த தூண்களை எழுபதுக்கு மாற்றச் சொன்னான். லிஃப்ட்காரர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, கம்பி ஒரு பக்கம் சரிந்திருப்பதாக யாரோ கூப்பிட, அதைச் சரிசெய்யப் போய்விட்டார். தம்பி ஓடி வந்து எழும்பினான். ஏறும்போதே தொடை இடித்துக் கம்பி விழுந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு மெத்தையிலேயே கிடந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லிஃப்ட்காரர் குனிந்து அளவைப் பார்த்தார். ஐம்பது. வேறு யாரும் கவனிக்கவில்லை, தம்பிக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். அவர் கையைத் தூக்கி நடுவரை அழைத்தார். அவர் சொன்னதைத் தம்பி பிறகு எனக்குச் சொன்னான்: "எழுபது கேட்டாருங்க சார். நான்தான் மாத்தல. இவர் மேல தப்பில்ல. இன்னொரு தடவ தாண்ட விடுங்க."

தம்பிக்கு வாய்ப்புக் கிடைத்தது. லிஃப்ட்காரரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கி, எல்லோரும் பார்க்க, ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லாம இருந்திருந்தா இந்த மனுஷனுக்குச் சோறு எறங்கியிருக்காதுங்க" என்றார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி தாண்டினான். கம்பி ஆடி, ஆடி, நின்றது. அடுத்த உயரத்தில் தோற்றுத்தான் போனான், பதக்கமெல்லாம் இல்லை. ஆனாலும் அந்த ஒரு தாண்டலுக்காக லிஃப்ட்காரருக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்வேன். அதைத் தாண்டி மெத்தையிலிருந்து குதித்ததும் தம்பி பயிற்சியாளரிடம் போகவில்லை. நேராக அந்த நாற்காலிக்கு ஓடி, அவர் கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டான். கோல் வழுக்காமலிருக்கத் தடவும் வெள்ளைப் பொடி தம்பி கையெல்லாம் இருந்தது.

போட்டி முடிந்து நானும் அவர் மனைவியும் இறங்கிப் போனோம். லிஃப்ட்காரர் அதே நாற்காலியில் இருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. தம்பி கைப் பொடி வெள்ளையாகப் படிந்த உள்ளங்கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடியே, மனைவியைப் பார்த்து அண்ணாந்து வாயை மட்டும் திறந்தார்.