அவருக்குக் கவிதை, எனக்கு நோட்டீஸ்

1. பங்கு பிரித்த நாள்

கிள்ளானில் நான் கடைசியாக வேலை பார்த்த இடைநிலைப்பள்ளியில் என்னைக் கவிதை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். எதுகை, மோனை, உவமை, மையக்கருத்து என்று கட்டம் போட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் கட்டத்தைச் சரியாக நிரப்பிவிட்டால் மார்க் எங்கும் ஓடாது. அந்தப் பெயர் ஈஸ்வரன் சார் வந்த முதல் வாரத்திலேயே என் கையை விட்டுப் போனது.

செமினியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கவிதை எழுதுகிறவர் வேறு. எங்கள் தமிழ்ப் பணித்தியத்தின், அதாவது தமிழ் ஆசிரியர் குழுவின், தலைவி கீதா, கூட்டத்தில் கால அட்டவணையை என் பக்கம் தள்ளினாள்.

“பரமேஸ்க்கா, ஃபார்ம் டூவுக்குக் கவிதைய சார் எடுக்கட்டும் லா. நீங்க வாசிப்பு எடுங்க. கட்டுரை, ரிப்போர்ட், நோட்டீஸ், அந்த மாதிரி.”

“ஏன், நான் எடுத்ததுல என்ன குறை?”

“குறை எல்லாம் ஒன்னும் இல்லக்கா. சார் கவிஞராச்சே, சும்மா விடுவோமா?”

“உங்களுக்குச் சம்மதம்னாதான், டீச்சர்” என்றார் ஈஸ்வரன் சார், சிரித்த முகத்தோடு. அத்தனை பேர் முன்னால் இவ்வளவு பணிவாகக் கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? சரி என்றேன். அன்றைக்கே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

2. தடுப்புக்கு இந்தப் பக்கம்

ஃபார்ம் டூவின் இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் மாறி மாறி எங்கள் இருவரிடமும் வருவார்கள். அறைகளுக்கு நடுவே இருந்தது ஒரு மடக்குப் பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். நான் இந்தப் பக்கம் தண்ணீர்த் தடை அறிவிப்பை வாசிக்க வைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் கைத்தட்டல்.

“டீச்சர், அங்க ஜாலியா இருக்கு” என்றாள் ஒருத்தி.

“இங்க படிக்கிறது சோதனைக்கு வரும்” என்றேன்.

வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆசிரியர் தினத்தன்று அவர் மேசையில் பிள்ளைகள் சொந்தமாக எழுதிய கவிதைகள் குவிந்தன. எனக்குக் காப்பி மக் வந்தது. வீட்டில் அலமாரி நிறைய ஏற்கெனவே அதுதான். ஓய்வு நேரத்தில் அவர் எல்லோருக்கும் பிசாங் கோரேங், அதுதான் பொரித்த வாழைப்பழம், வாங்கி வருவார். அதுவும் சூடாக இருக்கும். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

வீம்புக்குத்தான் பாடப்புத்தகத்தை மூடினேன். அவரவர் வீட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஓர் அறிவிப்பைப் பார்த்துத் தமிழில் எழுதி வரச் சொன்னேன். ஷர்மிளா என்று அதிகம் பேசாத ஒரு பெண். அடுக்குமாடி வீட்டில் மேல்மாடியில் குடியிருந்தாள். லிப்ட் கதவில் ஒட்டியிருந்ததை எழுதி வந்தாள். ‘லிப்ட் பழுதுபார்க்கப்படுகிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’

யார் எழுதியது, யாருக்கு எழுதியது, முக்கியக் கருத்து என்ன என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள்.

“டீச்சர், எப்ப சரியாகும்னு போடவே இல்ல. எங்க மாடியில வீல்சேர்ல ஒரு ஆன்டி இருக்காங்க. அவங்க எப்படிக் கீழ வர்றதுன்னும் போடல.”

என் கேள்விகளில் எதுவும் அந்த ஆன்டியிடம் போய்ச் சேராது என்று அப்போதுதான் தெரிந்தது. வெண்பலகையில் எழுதினேன்: ‘எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்?’

அதன்பிறகு எதை வாசித்தாலும் கடைசியில் இந்தக் கேள்வி. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். மருந்து விளம்பரம், மீ நூடுல்ஸ் பாக்கெட், செய்தி, எதையும் விட்டுவைக்கவில்லை. கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்ற பள்ளியின் சுற்றறிக்கையை எடுத்து, “சோப்பு யார் வைப்பாங்கன்னு போடல டீச்சர்” என்று ஒருவன் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று நானும் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

3. அதிகாரி வந்த நாள்

பாடம் கண்காணிக்க ஓர் அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். அவர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த ஆண்டு கவிதை யாருக்கு என்று முடிவாகும் என்றாள் கீதா. சொன்னவள் அதிகாரியை நேராக ஈஸ்வரன் சார் வகுப்புக்கு அழைத்துப் போனாள். ஆக, சார் சொதப்பினால்தான் கவிதை எனக்குத் திரும்பும். என் வகுப்புக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டு, தடுப்போரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஈஸ்வரன் சார் தாம் எழுதிய கவிதையையே எடுத்தார்.

எல்லோரும் உண்ட பின்
அடுப்பை அணைத்தாள் அம்மா.
நிறைந்திருந்தது வீடு.

நல்ல குரல், பாழாய்ப்போனவருக்கு. இதில் என்ன அழகு என்று கேட்டார். அன்பு என்றது ஒரு குரல், தியாகம் என்றது இன்னொன்று. அப்புறம் ஷர்மிளாவின் குரல் கேட்டது.

“சார், அம்மா சாப்பிட்டாங்களான்னு இதுல இல்லையே?”

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். கவிதையில் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று சமாளிக்கப் போகிறார், அதிகாரி எழுதிக்கொள்ளப் போகிறார்.

“தெரியல மா” என்றார் ஈஸ்வரன் சார். “எங்கம்மாவைப் பத்திதான் எழுதுனேன். சாப்டியாம்மான்னு நான் கேட்டதே இல்ல.” பிறகு அவரே கேட்டார். “இப்படிக் கேக்க யாரு சொல்லிக் கொடுத்தா?”

“பரமேஸ் டீச்சர், சார். எதை விட்டுட்டாங்கன்னு பாக்கச் சொல்வாங்க.”

மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளைகள்தான் பேசினார்கள். அந்த மூன்று வரியை ஆளாளுக்குப் பிரித்துப் போட்டார்கள். இத்தனை வருடம் நான் போட்டுக் கொடுத்த கட்டங்களில் இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. கேள்வி என்னுடையது, நடந்ததோ அவர் வகுப்பில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேன்டீனில் அதிகாரி அவரைப் பாராட்டினார். “அந்தக் கேள்வி கேக்குற முறை ரொம்ப நல்லாருக்கு, சார்.”

“அது என்னோடது இல்ல. பக்கத்து கிளாஸ் டீச்சரோடது” என்று என்னைக் காட்டினார்.

அந்தப் பாராட்டைப் பேசாமல் அவரே வைத்துக்கொண்டிருந்தால், ஓய்வுபெறும் வரை அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதையும் கெடுத்தார். அதிகாரி போனபிறகு தேத்தாரேக் டீயை ஆற்றியபடி மெதுவாகச் சொன்னார்: “உண்மைய சொல்லட்டா, டீச்சர்? நோட்டீஸ் பாடத்துல அப்படி என்னதான் சிரிப்புன்னு எனக்கு எரிச்சலா வரும். என் பிள்ளைங்க தலையெல்லாம் உங்க பக்கம்தான்.”

அந்தப் பேச்சுக்காக அவருடைய பிசாங் கோரேங் அத்தனையையும் மன்னித்தேன்.

ஆண்டு முடிவில் கீதா வந்தாள். “அக்கா, அடுத்த வருஷம் கவிதைய நீங்களே எடுக்கிறீங்களா? சாரே விட்டுக் கொடுக்கிறேங்கிறாரு.”

வருடம் முழுக்க நான் காத்திருந்த வார்த்தை. “வேணாம்” என்றேன். “நோட்டீஸே இருக்கட்டும். ஆனா எங்க ரெண்டு பேரு ரூமையும் மாத்திடாதே.”

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்து வகுப்பில் கைத்தட்டல் கேட்டால் தாராளமாகப் பொறாமைப்படுங்கள். பொறாமை இல்லாவிட்டால் நான் அந்தப் பாடப்புத்தகத்தை மூடியிருக்கவே மாட்டேன். காதை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்வரன் சார் பிறகு அந்தக் கவிதையில் ஒரு வரி சேர்த்தார். முதலில் என்னிடம்தான் காட்டினார்.

அவள் தட்டு மட்டும் காய்ந்திருந்தது.

நல்ல வரி. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.