வரிமீனுக்கு வாரிசு இல்லையாம்

ஏரியில் வரிமீனுக்கு வாரிசே இல்லையாம். மிச்சம் இருப்பதெல்லாம் கிழங்களாம். அதனால் மூன்று வருடத்துக்கு யாரும் வலை போடாதபடி ஏரியைப் பூட்டப் போகிறார்களாம். மீன் ஏலக்காரர் ஐஸ் வண்டிக்காரரிடம் சொல்ல, அவர் காதுக்காரியின் அண்ணியிடம் சொல்ல, அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை அவள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினாள்.

சும்மா கிளப்பிவிட்ட புரளி என்று சொல்லிச் சமாளிக்கக் காதுக்காரிக்கு வழியில்லை. அந்தச் செய்தி பிறந்ததே அவளுடைய மேசையில்தான்.

ஏரிக்கரை மீன் ஆய்வு நிலையத்தில் மீன்களுக்கு வயது பார்ப்பது அவள் வேலை. வரிமீனின் தலையைப் பிளந்தால் உள்ளே அரிசி மணி போல இரண்டு காதுக்கற்கள் கிடைக்கும். தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வருடத்துக்கு ஒரு வளையம் தெரியும். காதுக்காரி என்று பேர் வைத்தவன் அவள் அண்ணன். மனுஷன் பேசினால் இவளுக்குக் காது கேட்காது, மீன் காதை மட்டும் நோண்டிக்கொண்டிருப்பாள் என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தவன்.

இப்போது அவனுக்குச் சிரிப்பும் இல்லை, தங்கையோடு பேச்சும் இல்லை. படகை விட்டால் வேறு பிழைப்பு தெரியாதவன். ஏரியைப் பூட்டினால் படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அறிவிப்பு மறுநாள் கூட்டத்தில். அண்ணி அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"நீ பொய் சொல்ற ஆள் இல்ல. எனக்குத் தெரியாதா? ஆனாலும் இன்னொரு தரம் பாத்துடேன்."

திட்டியிருந்தால் காதுக்காரி தூங்கியிருப்பாள். இந்த ஒரு சொல் அவளைப் புரட்டிப் போட்டது.

விடிந்ததும் விடியாததுமாக ஆய்வுக்கூடத்தைத் திறந்து காதுக்கற்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள். வளையங்கள் மாறவில்லை. எல்லாமே முற்றிய மீன்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் மீந்துகிடந்த ஒரு தடியன் வரிமீனை எடுத்து வயிற்றைக் கீறினாள். தலையோடு அவள் வேலை முடிந்துவிடும், வயிற்றுப் பக்கம் அவள் போனதே இல்லை. உள்ளே பாதி செரித்து, விரல் நீளத்தில் ஒரு குஞ்சு. முதுகில் அதே கறுப்பு வரி.

"இல்லாத குஞ்சை எங்கடா பிடிச்சு முழுங்கின?" என்று செத்த மீனைக் கேட்டாள்.

கையை ஒப்புக்குக் கழுவிவிட்டு, நிலையத்தின் சின்னக்கண்ணி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இவள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்து, இந்த வலையை ஒரு தரம் போடு என்றாள். படகு ஆடினால் அவளுக்குக் குடலைப் புரட்டும். அதனால் ஆய்வுக்கு மீன் பிடிக்கிற நாளிலெல்லாம் வலையையும் வாளிகளையும் அவனிடமும் மற்றப் படகுக்காரர்களிடமும் கொடுத்தனுப்பிவிட்டுக் கரையிலேயே நின்றுகொள்வாள். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் படகை ஏரிக்குள் கொஞ்ச தூரம் ஓட்டி, வலையைப் போட்டு, சற்றுப் பொறுத்து இழுத்தான்.

இழுக்க இழுக்க அவன் கை என்னவோ செய்தது. பெரிய மீன் படகுக்குள் விழுந்தது. சின்னது, கண்ணால் பார்க்கும் முன்பே, விரலால் சுண்டிவிட்டதுபோலத் தண்ணீருக்குப் போனது.

"அண்ணா, அதை ஏன் தூக்கிப் போட்ட?"

"சின்னதும்மா. ஒரு சாண்கூட இல்லாததைக் கரைக்குக் கொண்டுவந்தா அபராதம்."

கோபத்தில் இருந்ததை மறந்து பேசிவிட்டான்.

"ஆய்வுக்குப் பிடிச்சப்பவும் இப்படித்தான் போட்டியா?"

"பின்னே? சட்டம் போட்டதே உங்க ஆபீஸ். அங்கயே சின்ன மீனை வாளியில ஏந்திக்கிட்டு வந்து நீட்ட நான் என்ன கேனையனா?"

"மத்த படகுக்காரங்களும் அப்படித்தானா?"

"நாங்க எல்லாரும் ஒழுங்கானவங்க" என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

அவளுக்குச் சிரிப்புப் பீறிக்கொண்டு வந்தது. குமட்டல் போன இடம் தெரியவில்லை. இவர்கள் ஒழுங்காக இருந்தே கணக்கில் ஏரியை மலடாக்கியிருக்கிறார்கள்; அவளும் கரையில் நின்றபடி அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாள். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒண்ணைக்கூட விடாத. அபராதம் வந்தா என் தலையில."

மிச்ச வலை ஏறியது. கண்ணிக்குக் கண்ணி குஞ்சுகள். விரல் அளவு, உள்ளங்கை அளவு, நடுவில் எத்தனையோ அளவு. போன வருடத்துப் பிள்ளைகளும் இந்த வருடத்துப் பிள்ளைகளும் வாளிக்குள் துள்ளித் துள்ளி அவள் முகமெல்லாம் தண்ணீரைத் தெளித்தன. ஒரு வலையை வைத்து ஒரு ஏரிக்குக் குறையில்லை என்று சொல்லிவிட முடியாது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அறிவிப்பை நிறுத்தச் சொல்லலாம். முதலிலிருந்து ஒழுங்காகப் பிடித்துப் பார்க்கலாம் என்று கேட்கலாம்.

ஈரக் கையை அண்ணன் சட்டையிலேயே துடைத்துவிட்டுக் கைபேசியில் நிலைய இயக்குநரின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்து, நின்றது. கூட்டத்துக்கு உட்கார்ந்திருப்பார். மறுபடி அழுத்தினாள்.

"எடுக்கலையா?" என்று கேட்டபடியே அவன் படகைக் கரைப் பக்கம் திருப்பி எஞ்சினை முழுசாக முடுக்கினான். "நீ விடாத. எடுக்கிற வரைக்கும் அடி."

ஒரு காலால் வாளியை அணைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் மறு காதைப் பொத்திக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.