இட்டுக்கட்டிய பாட்டு

திருகோணமலையில் படகுத்துறைக்குப் போகும் தெருவில் என் நண்பருக்கு மணிக்கூடு திருத்தும் கடை இருக்கிறது. ஒரு கண்ணாடி மேசை, ஒரு அலுமாரி, வருகிறவர்களுக்கு ஒரு கதிரை. அந்தக் கதிரையில் இருபத்தேழு வருடங்களாக நான் உட்கார்ந்து வருகிறேன். துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அரை மணித்தியாலம். ஓய்வு பெற்ற பிறகு, அவர் பின்னேர அஸர் தொழுகை முடித்துக் கடைக்குத் திரும்பியதிலிருந்து கடை பூட்டும்வரை.

அவர் மூதூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை, அவர்கள் வழக்கில் அண்ணன் என்பதற்கு, நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எங்களைச் சேர்த்து வைத்தது பழைய பொப் பாட்டுகள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நம்முடைய நாட்டிலேயே தமிழில் துள்ளிக் குதித்து வந்த பாட்டுகள். பொங்கோவும் கிற்றாரும் அக்கோடியனும் வைத்துப் பாடியவை. ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டு வந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் என்ன பாட்டு? எந்தப் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன் பாடகர் இருமுகிறார்? தோற்றவர் எதிரே உள்ள தேத்தண்ணிக் கடைக்குப் போய், பால் விடாத பிளேன்டீ இரண்டு வாங்கி வர வேண்டும். அநேகமாக அவர்தான் போவார்.

எனக்குப் பதினொரு கொப்பிகள் இருந்தன. றேடியோவில் கேட்டதையெல்லாம் பாடியவர், இசையமைத்தவர், வாத்தியங்கள் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். யுத்தப் பிரச்சினை நேரம் வீட்டை விட்டு ஓடியபோது அவை போய்விட்டன. பிறகு ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். எனவே இந்த ஊரில் அந்தப் பாட்டுகளைப் பற்றி நான் சொன்னால் சொன்னதுதான். பிழை பிடிக்க ஒருவருமில்லை.

நண்பரிடம் கொப்பி இல்லை, ஆனால் என்னிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவர் பார்த்தவர். அவருடைய வாப்பா மூதூருக்கும் இங்கேயும் இடையே கடலில் ஓடிய லோஞ்ச் படகில் சுக்கான் பிடித்தவர். ஒருமுறை பெரிய பாடகர் ஒருவர் மூதூரில் பாடுவதற்காக அந்த லோஞ்சில் வந்தார். வாடைக்காற்று. பாடகர் வழியெல்லாம் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்து, கரையில் இறங்கி ஒரு நீள மர வாங்கில் அரை மணித்தியாலம் படுத்துக் கிடந்து, பிறகு எழும்பி மூன்று மணித்தியாலம் பாடினாராம். இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம், இது எனக்கு நடந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கும். ஆனாலும் அந்தக் கதையைக் கேட்கிற ஒரே ஆள் நான்தானே என்று ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் நான் கடைக்குப் போனபோது என் கதிரையில் ஒரு பெண் இருந்தார். அறுபதுக்குக் கிட்டிய வயது, கனடாவிலிருந்து வந்து லிங்கநகரில் தாயின் பழைய வீட்டில் தங்கியிருந்தார். இறந்துபோன தகப்பனின் கைமணிக்கூட்டைத் திருத்தக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, இவ ஆருட மகள் தெரியுமா?" என்று நண்பர் எழும்பியே நின்றார். "நம்மட லொறிப் பாட்டுல பொங்கோ அடிச்சவர்ர மகள்!"

லொறிப் பாட்டு என்று நாங்கள் சொல்வது ஒரு சாரதியைப் பற்றிய பாட்டு. அதன் நடுவில் ஒரு ஹோர்ன் சத்தம் வரும். ஒலிப்பதிவு நடந்த கட்டடத்துக்கு வெளியே உண்மையான லொறி ஒன்றை நிறுத்தி அடித்தார்கள் என்று என் கொப்பியில் இருந்தது. அதைப் பெருமையோடு அவருக்குச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இல்லை அண்ணன், அது அப்பான்ர வாய். வீட்டில நாங்கள் சாப்பிடாட்டில் மேசையடியில இருந்து அப்பிடித்தான் ஹோர்ன் அடிக்கிறவர்."

அடித்தும் காட்டினார். அதே சத்தம். நண்பர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இருவது வருசமா லொறி லொறி எண்டு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே தம்பி!"

நானும் சிரித்தேன். அன்று பிளேன்டீ வாங்கப் போனது நான். மூன்று.

மணிக்கூடு இரண்டு நாளில் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் வருவது நிற்கவில்லை. தகப்பன் வாசித்த பாட்டுகளையெல்லாம் தேடி ஒரு பட்டியல் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாளே நண்பரை நானா என்று கூப்பிட்டார். ஊரில் எத்தனையோ பேர் அவரை அப்படிக் கூப்பிடுகிறார்கள், அதெல்லாம் எனக்குக் காதில் விழுந்ததில்லை. இது விழுந்தது. நான் பின்னால் கிடந்த ஸ்டூலில் இருந்து அவர்கள் இருவரும் கதைப்பதைப் பார்த்தேன்.

ஒருநாள் நண்பர் லோஞ்ச் கதையைத் தொடங்கினார். பாடகர் வாங்கில் படுத்த இடத்துக்கு வந்தபோது அந்தப் பெண் கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ நானா. அந்த லோஞ்சில அப்பாவும் வந்தவர். சுக்கான் பிடிச்சவர் தன்ர சட்டைப் பையில இருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, மோந்து பாருங்கோ எண்டு அப்பாவுக்குக் குடுத்தவராம். அதாலதான் தப்பினது எண்டு அப்பா சாகுமட்டும் சொல்லுவார். அது உங்கட வாப்பாவா?"

நண்பர் கண்ணில் பொருத்தியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். வாப்பா சட்டைப் பையில் எப்போதும் தேசிக்காய் வைத்திருப்பார், எலுமிச்சை மணத்துக்குச் சத்தி அடங்கும் என்பார் என்று சொன்னார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது. இருபத்தேழு வருடங்களாக நான் கேட்டுவந்த கதைக்கு அவர் ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார். அதில் எனக்கு ஒரு ஓரம்கூட இல்லை. வீட்டுக்குப் போய்க் கோபத்தோடு இதை மனைவியிடம் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தும் பார்க்காமல், "உங்களுக்கு எரிச்சல்" என்றாள்.

எரிச்சல்தான். இரண்டு நாள் யோசித்து ஒரு பாட்டை உண்டாக்கினேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது சாதாரணமாகக் கேட்டேன். "தங்கச்சி, உங்கட பட்டியலில மூதூர் விளக்குப் பாட்டு இருக்கோ? லோஞ்சில சத்தியெடுத்தாரே, அவர் பாடினது. றேடியோவில இரண்டு தரம்தான் போனது. அக்கோடியன் மட்டும், பொங்கோ இல்லை."

பொங்கோ இல்லை என்பதை வேண்டுமென்றே சொன்னேன். அதில் உங்கள் தகப்பன் இல்லை, அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று அவருக்கு உறைக்க வேண்டும். இரண்டு வரியும் தயாராக வைத்திருந்தேன்.

"மூதூர்க் கரையில் விளக்கெரியுது, முழுசாய்ச் சொன்னால் முகம் சிவக்குது. இதுதான் தொடக்கம்."

அவர் தன் கொப்பியைப் புரட்டினார். "தெரியேல்ல அண்ணன். நான் கேள்விப்படவே இல்லை." முகம் வாடிப்போயிருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பல கிழமைகளுக்குப் பிறகு கதிரை திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது.

அப்போது நண்பர், குனிந்த தலை நிமிராமல், "நான் கேட்டிருக்கன்" என்றார்.

நான் திரும்பினேன்.

"ஓம், கேட்டிருக்கன். இப்பிடிப் போகும்" என்று அந்த இரண்டு வரிகளையும் மெதுவாகப் பாடினார். என்னிடம் சொல் மட்டும்தான் இருந்தது. மெட்டை அவர் போட்டார். நல்ல மெட்டு. அவர் பொய் சொல்கிறாரா, உண்மையாகவே அப்படி ஒரு பாட்டு இருந்து நான்தான் அதை மறந்துவிட்டு இட்டுக்கட்டியதாக நினைக்கிறேனா என்று எனக்கே குழம்பியது. அந்தப் பெண் இரண்டு வரியையும் எழுதிக்கொண்டு, என்னைப் பார்த்து, "அண்ணன், நீங்கள் இல்லாட்டில் இது அழிஞ்சு போயிருக்கும்" என்றார்.

அந்தச் சொல் எனக்கு இனித்தது. அதனால்தான் அன்றைக்கே உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்தபோது முகம் சரியில்லை. அந்தக் காலத்தில் அக்கோடியன் வாசித்தவர் ஒருவர் இன்னும் உயிரோடு லண்டனில் இருந்தார். எண்பத்தாறு வயது. மறதி தொடங்கியிருந்தது. பெயர்களும் முகங்களும் போய்க்கொண்டிருந்தாலும் வாசித்த பாட்டு ஒன்றும் மறக்கவில்லை என்பதுதான் அவருக்கு ஒரே பிடிப்பாம். அவரிடம் விளக்குப் பாட்டைப் பற்றி இவர் கேட்டிருக்கிறார்.

"அவர் ஒரு கிழமையா அதையே யோசிக்கிறாராம். அக்கோடியனை மடியில வைச்சுக்கொண்டு தேடுறாராம். நேற்று எனக்குப் போன் எடுத்து, 'பிள்ளை, அதுவும் மறந்து போட்டுது' எண்டு அழுதிட்டார். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். எதிர்க்கடை வாசலில், இந்த ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு வாழைப்பழத் தோலுக்காக முட்டிக்கொண்டு நின்றன. சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தலைவலி என்று எழும்பி வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் கடைப் பக்கம் போகவில்லை. அந்த நான்கு நாளும் எனக்கு அந்தக் கிழவரைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய். நான் இல்லாத கடையில் அவர்கள் இருவரும் என்ன கதைத்துச் சிரிக்கிறார்கள் என்பதும் இருந்தது. ஐந்தாம் நாள் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது, மடியில் அக்கோடியனோடு ஒரு ஆள் இல்லாத பாட்டைத் தேடுகிறார் என்பது மட்டும் மிஞ்சியது. கையைக் கழுவிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். நல்ல வேளையாக அந்தப் பெண்ணும் இருந்தார்.

"தங்கச்சி, அப்பிடி ஒரு பாட்டு இல்லை. நான் இட்டுக்கட்டினது" என்றேன்.

"விளங்கேல்ல" என்றார்.

"நீங்கள் வந்த பிறகு நானா என்னோட கதைக்கிறது குறைஞ்சு போச்சு. உங்களுக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும் எண்டு காட்ட நினைச்சனான். அவ்வளவுதான்."

அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. கைப்பையைத் திறந்து போனை எடுத்து, ஒரு நம்பரை அழுத்தி, என் கையில் தந்தார். "எனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்குச் சொல்லுங்கோ."

மறுமுனையில் ஒரு மெலிந்த குரல் ஹலோ என்றது. நான் யார் என்று சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். "ஐயா, விளக்குப் பாட்டு எண்டு ஒண்டு இல்லை. நான் பொய் சொன்னனான். நீங்கள் ஒண்டையும் மறக்கேல்ல."

"இல்லையோ?"

"இல்லை ஐயா."

"நான் வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப எனக்கு மறக்கேல்ல" என்றார். திரும்பவும், இன்னும் உரத்து, "அப்ப எனக்கு மறக்கேல்ல" என்றார். பிறகு, "நீர் ஆர்?" என்று கேட்டார். திருகோணமலையில் இருந்து கதைக்கிறேன், பழைய பாட்டுப் பிரியன் என்றேன். "மடையன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டு, கொப்பியைத் திறந்து அந்த இரண்டு வரிகளையும் வெட்டினார். எனக்கு ஒன்றும் சொல்லாமல், நண்பரிடம், "நானா, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டு, "பிழை புள்ள. மன்னிச்சிடுங்க" என்றார். அந்தப் பெண் வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் தனியே இருந்தோம். நான் கேட்டேன், "நானா, பொய் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? ஒங்கட கொப்பியில இல்லாத பாட்டு ஒங்களுக்கு எங்க இருந்து வரும்?"

"அப்ப ஏன் கேட்டிருக்கன் எண்டு சொன்னீங்கள்?"

"வெளியால இருந்து வந்த ஆளுக்கு முன்னால சொல்லிப்போட்டீங்க. நெத்தியெல்லாம் வேர்வை. தனிய விடச் சொல்றீங்களா?" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா அந்தக் கிழவருக்கு இது போயிருக்காது. அந்தப் பாவம் எனக்குந்தான்" என்றார்.

அவர் எனக்காகப் பொய் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பெண் ஒரு கிழமை வரவில்லை. பயணம் போவதற்கு முதல் நாள் வந்தார். நண்பருக்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டு வந்திருந்தார்: லோஞ்சில் எடுத்தது, வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் சுக்கானோடு ஒரு மனிதர், முகம் அரைவாசி நிழலில். எனக்குப் பதினான்கு பக்கம் தட்டச்சுத் தாள். தகப்பன் வாசித்த பாட்டுகளின் பட்டியல். "பிழை பார்த்துத் தாங்கோ" என்றார். "இனி நீங்கள் பொய் எழுதமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்." அதை மன்னிப்பு என்று எடுக்கலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். மூன்று இடத்தில் நான் திருத்தினேன். ஒன்பது இடத்தில் அந்தப் பட்டியல் என் கொப்பிகளைத் திருத்தியது.

இப்போது கதிரை என்னிடம்தான் இருக்கிறது. கேள்வியும் பதிலும் முன்போல நடக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கனடாவிலிருந்து போன் வரும். அங்கே அப்போது விடியற்காலை, வேலைக்கு வெளிக்கிட முதல் எடுக்கிறாராம். நண்பர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கடைக்கு உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிக் கதைப்பார். இடையிடையே தோள் குலுங்கும். என்னையும் கேட்டதாகச் சொல்லி, போனை ஒரு நிமிடம் என்னிடம் தருவார். நானும் அந்தப் பெண்ணும் மரியாதையாகச் சுகம் விசாரித்துக்கொள்வோம். பிறகு போன் திரும்ப அவரிடம் போய்விடும்.

"என்னவாம்?" என்று கதைத்து முடிந்ததும் கேட்பேன்.

"ஒண்டுமில்ல தம்பி" என்பார்.

ஒன்றுமில்லாததற்கு இருபது நிமிடமா என்று நான் கேட்பதில்லை. எழும்பி எதிர்க்கடைக்குப் போய், தோற்காமலே இரண்டு பிளேன்டீ வாங்கி வருகிறேன்.