பெரட்டில் வாய் திறந்த காலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் அந்த வாய்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் வாங்கித் தந்தது.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மலாயாவில் சுங்கைப் பட்டாணியிலிருந்து யான் என்ற ஊருக்குப் போகும் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம். மருந்து கொடுக்க டிரஸர் ஒருவர். நோயாளிகளைத் துடைத்து, துணி அலச நானும் ஓர் அக்காவும். அக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது.

அந்த மழைக்காலத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களில் வாந்திபேதி பரவியது. படுத்தவர்களில் பலர் எழவில்லை. சோப்பு கிடையாது, கோணிச் சாக்கைக் கிழித்துத்தான் துடைத்தோம். கை கழுவ வெந்நீராவது வேண்டும், விறகு கொடுங்கள் என்று கிராணியிடம் கேட்டேன். தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான்.

"பேதின்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. வெறும் காய்ச்சல்தான். ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா லயத்தையே கொளுத்திப்புடுவான்," என்றார்.

டிரஸர் தலையாட்டினார். பயந்த மனிதர், பாவம்.

இதைவிடக் கொடுமை பெரட்டு. விடிகாலையில் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும்; பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லை என்றால் அன்றைக்கு அரிசி இல்லை. பேதிக்காரர்களைத் துடைத்த கையோடு நாங்களும் போய், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்களோடு இடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு நாள் அக்கா எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அரிசி போயிடும்டி. எனக்கும் சேத்து நீயே கொரல் குடுத்துடு," என்றாள்.

யாராவது வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் குரலை மாற்றிப் பதில் சொல்வது எங்கள் தோட்டத்தில் வழக்கம்தான். பின்வரிசை முகம் அந்த மங்கலில் தெரியாது. இரண்டு நாள் அக்காவுக்கும் நானே குரல் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு.

மூன்றாம் நாள் அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. மடியில் குழந்தை அழுதும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரட்டில் அவள் பெயர் வந்தது.

"அக்கா வரல. பேதி கண்டு கெடக்கு," என்றேன்.

கிராணிக்குப் பக்கத்தில் ஜப்பான் அதிகாரி நின்றிருந்தான். "காய்ச்சல்னு சொல்லு," என்று கிராணி பல்லைக் கடித்தார்.

"பேதிதாங்க. அவளத் தொடச்ச கையோடதான் வந்திருக்கேன். எங்களுக்கு வெறகு வேணும். நாங்க இனிமே பெரட்டுக்கு வரக் கூடாது, அரிசி ஆஸ்பத்திரிக்கே வரணும். முடியாதுன்னா தெனமும் உங்க பக்கத்துலயே நின்னுக்கிறேன்லா."

சொன்னதோடு விடவில்லை, கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். கிராணி பின்வாங்கிய வேகத்தில் நாற்காலி உருண்டது. உயிர் யாருக்கும் வெல்லம்தானே. அதிகாரி அதட்டினான், கிராணி மலாயில் உளறினார், உண்மை வெளியே வந்தது. அதிகாரி வந்து என்னை ஓர் அறை அறைந்தான். அறைந்த கையை உடனே தன் சட்டையில் துடைத்துக்கொண்டான். கன்னம் எரிந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

லயத்தை யாரும் கொளுத்தவில்லை; மத்தியானத்துக்குள் விறகு வந்தது. அரிசியை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். துணி, பாத்திரம் எல்லாவற்றையும் கொதிக்க வைத்தோம். மறுநாள் டிரஸரே துணிந்து போய்ச் சுண்ணாம்பு கேட்டு வாங்கி வந்தார். உப்புக் கஞ்சி ஊட்டி ஊட்டி அக்காவைத் தேற்றினேன்.

அக்கா பிழைத்தாள். குழந்தைக்கு அதற்குள் தொற்றியிருந்தது, அது பிழைக்கவில்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நாந்தானடி கொரல் குடுக்கச் சொன்னேன்," என்பாள். தோட்டத்தில் என்னைத் தைரியக்காரி என்றார்கள். உண்மைதான், கிராணியை எதிர்த்துப் பேசியவள் நான். இரண்டு நாள் முன்னால் பேசியிருக்க வேண்டும்.