வைலேயில் ஒரேயொரு தமிழ் வோட்டு

வைலே ஒரு தலைநகரம் என்றால் யாழ்ப்பாணத்தில் சிரிப்பார்கள். நீண்ட கடைத்தெரு ஒன்று, சின்னத் துறைமுகம் ஒன்று, மிச்சமெல்லாம் மழை. ஆனால் டென்மார்க்கில் எங்கள் மாகாணத்துக்கு அதுதான் தலைநகர். எண்பத்தைந்தில் அங்கிருந்த தமிழர் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஏற்றினாலும் கத்தோலிக்க வேதக்காரர் முன்பக்கம், சைவக்காரர் பின்பக்கம் என்று பிரிந்துதான் இருந்திருப்பார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அவசரத்திலும் இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் எந்தப் பக்கமும் இல்லை. சைவ வீட்டில் பிறந்து, மன்னார் வேதக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்தவள். கப்பலில் வேலை செய்து, டென்மார்க்கில் இறங்கி, நூல் ஆலையில் சேர்ந்த மனிதர் அவர். நான் அவரிடம் வந்து சேர்ந்தபோது ஊரில் வேறு தமிழ்க் குரலே கிடையாது. இரண்டு வருடத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் அகதிப் பொடியன்கள் வந்தார்கள். தெருவில் கண்டால் தலையாட்டுவார்கள், வீட்டுக்கு வரமாட்டார்கள். வேதக்காரருக்கு நான் ஞானஸ்நானம் எடுக்காதவள். சைவக்காரருக்கு வேதக்காரனைக் கட்டினவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டேனிஷ் வானொலியோடு தமிழில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு தனிமை.

அந்த நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் வந்தது. மூன்று வருடத்துக்கு மேல் வசித்த வெளிநாட்டவரும் வோட்டுப் போடலாம். பொடியன்கள் வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. நான் வந்து ஐந்து வருடம். ஊரில் வோட்டுள்ள தமிழ் ஆள் நான் ஒருத்திதான்.

முதலில் சைவப் பக்கம் வந்தது, கல்லு மாதிரி வடையோடு. அவர்களுக்கு டேனிஷ் படிப்பித்த வாத்தியார் தேர்தலில் நின்றார். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பள்ளி அறையைத் திறந்துவிடுகிற நல்ல மனிதர்.

"அக்கா, நீங்கள் என்ன இருந்தாலும் எங்கட ஆள்தானே," என்றார் மூத்தவர். இத்தனை நாளும் அது எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் உன்னியது. தேத்தண்ணி ஊற்றினேன்.

இரண்டு நாளில் மற்றப் பக்கம் கேக்கோடு வந்தது. அவர்களை ஒவ்வொரு ஞாயிறும் தன் காரில் கத்தோலிக்கக் கோயிலுக்கு ஏற்றிப்போகும் தாதியும் வேட்பாளர்.

"அண்ணை இருந்தா அவவுக்குத்தானே போட்டிருப்பார்," என்றான் ஒருவன். என் கணவரை அவன் கண்டதே இல்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன் இரு பக்கத்துக்கும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஓம் என்றால் மற்றப் பக்கம் வராது. இழுத்தடித்தால் இரண்டும் வரும். வந்தார்கள். பல்பு மாற்றித் தந்தார்கள், கறி ருசியென்றார்கள், ஊர்ச் சண்டையெல்லாம் கதைத்தார்கள். புதுக் கோப்பைகள் வாங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று கிழமையும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தேர்தல் அன்று பள்ளி மண்டபத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த வயதான டேனிஷ்காரி வாக்குச்சீட்டை எடுக்கக் குனிந்தாள். நான் பழக்கதோஷத்தில் இடது கைச் சின்னவிரலை நீட்டிக்கொண்டு நின்றேன், பிறந்த ஊரில் மை பூசுவதற்கு நீட்டுவதுபோல. அங்கே மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவள் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைகுலுக்கக் கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் கையை முழுதாகப் பிடித்துக்கொண்டு, வந்ததற்கு நன்றி என்றாள். கணவர் போன பிறகு என் கையை ஒருவர் பிடித்தது அன்றுதான். கண் கலங்கிவிட்டது.

திரைக்குப் பின்னால் சீட்டைப் பிரித்தால் வாத்தியாரின் பெயரும் இருந்தது, தாதியின் பெயரும் இருந்தது. பென்சிலை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்குப் போட்டாலும் பாதி வீடு காலியாகிவிடும். ஒன்றும் கீறாமல் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

முடிவு கேட்க எல்லோரும் வருவார்கள் என்று, சைவக்காரருக்குக் கத்தரிக்காய்க் குழம்பும் வேதக்காரருக்கு மீன் குழம்பும் வைத்தேன். கோப்பைகளைக் கழுவி அடுக்கினேன். ஒருவரும் வரவில்லை. வாத்தியாரும் வென்றார், தாதியும் வென்றார். என் வோட்டு இருவருக்குமே தேவைப்படவில்லை.

அடுத்த நாள் கடைத்தெருவில் இரு பக்கத்தாரையும் கண்டேன். பழையபடி தலையாட்டினார்கள். நான் மற்றப் பக்கத்துக்குப் போட்டதாக இரண்டு பக்கமும் நினைத்ததென்று பிறகு அறிந்தேன். கேட்டிருந்தால், ஒருவரையும் இழக்க மனம் வரவில்லையடா தம்பி என்று சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க இரண்டு குழம்பையும் சூடாக்கிச் சூடாக்கி நான் ஒருத்தியே சாப்பிட்டு முடித்தேன்.