ஆறு புள்ளி நான்கு

1937ஆம் ஆண்டு சகாயமேரிக்கு இருபத்தாறு வயது. சமயநல்லூர் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இண்டர்மீடியட் பாஸ் செய்தால் மதுரையில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம். ஒருமுறை எழுதி, பௌதிகத்தில் மட்டும் தோற்றிருந்தாள். மறுபடி எழுதச் செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. மூன்று வாரமாக ஒரே ஒரு கப்பிக் கணக்கு அவளை நகரவிடவில்லை.

கணக்கு இதுதான். ஒரு கயிற்றின் நுனியை உத்தரத்தில் கட்டியிருக்கிறார்கள். அது கீழே தொங்கும் ஒரு கப்பியின் அடியில் வளைந்து மேலேறி, உத்தரத்தில் மாட்டிய இன்னொரு கப்பியின் மேல் ஓடி இறங்குகிறது. தொங்கும் கப்பியில் எட்டு ராத்தல் எடை, கயிற்றின் மறுநுனியில் ஆறு ராத்தல். ஆறு ராத்தல் என்ன முடுக்கத்தில் இறங்கும்?

சகாயமேரிக்கு எட்டு அடி என்று வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஆறு புள்ளி நான்கு என்றது. அடித்துவிட்டு மறுபடி போட்டாள். எட்டு. பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கங்கள் தீர்ந்து, காலண்டர் தாள்களில் போட்டாள். அதே எட்டு. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அம்மா பிலோமினாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அந்தக் கப்பியில ஒன்னையக் கட்டித் தொங்கவிட்டாத்தான்டி எனக்கு நிம்மதி. வாசம் மூக்குல ஏறலையா?"

"ஏறுச்சும்மா. இந்தக் கணக்குத்தான் ஏற மாட்டேங்குது."

சனிக்கிழமைதோறும் அவளுக்குப் பாடம் சொன்னவர் தனிஸ்லாஸ். மதுரையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அச்சில் வந்த எதையும் நம்பிவிடுவார். அவள் நீட்டிய தாள்களை அவர் வாங்கக்கூட இல்லை.

"நாலு பதிப்பு கண்ட புஸ்தகம். அதுல யாருக்கும் தெரியாத தப்பு ஒனக்குத் தெரியுதாக்கும்?"

"என் வழியில எந்த வரி தப்புன்னு சொல்லுங்க சார். திருத்திக்கிறேன்."

"விடையே தப்பா இருக்கும்போது வரியை என்னத்துக்குப் பாக்கணும்?"

வீடு வரும்வரை அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்று விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தாள். இரண்டு எடைகளும் ஒரே முடுக்கத்தில் நகரும் என்று வைத்தால் சரியாக ஆறு புள்ளி நான்கு வந்தது. எப்படி ஒன்றாக இருக்கும்? தொங்கும் கப்பி ஓர் அடி ஏற, அதன் இரண்டு பக்கமும் ஓரடி ஓரடியாகக் கயிறு குறைய வேண்டாமா? அப்படியானால் மறுநுனி இரண்டடி இறங்கியாக வேண்டும். புத்தகம் எழுதியவர் இதை யோசிக்கவே இல்லை.

அவளுடைய அண்ணன் ஜேசுராஜ் மில்லில் ஃபிட்டர். அவனிடம் சொன்னாள்.

"இதுக்கா மூணு வாரமா சோத்தைக் கருக்குனே?" என்று சிரித்தான். "எம்புட்டு இழுத்தாலும் பாரம் பாதிதான் ஏறும். மில்லுல தெனமும் பாக்குறோம்."

"மில்லுல நடக்குறது தனிஸ்லாஸ் சாருக்கு வேணாமாம்ணே. அச்சுல வேணுமாம்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், அவரை விடாப்பிடியாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஜேசுராஜ் கொண்டுவந்த இரண்டு கப்பிகளும் உத்தரத்தில் கயிற்றோடு தயாராக இருந்தன. எடைக்கற்கள் முக்குக்கடை மொக்கையனிடம் கேட்டு வாங்கியவை. ராத்தல் இல்லை, வீசைக் கற்கள்தான்; ஆனால் நிரூபிக்க வேண்டியதற்கு ஏதோ இரண்டு எடை போதும். சுவரில் அடிக்கணக்குக்குச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். கயிற்றை இரண்டு அடி இறக்கினாள். தொங்கிய கப்பி ஒரே ஓர் அடி ஏறி நின்றது.

தனிஸ்லாஸ் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். அதற்குள் மொக்கையன் வாசலில் வந்து கத்தினான்.

"டீச்சரம்மா, கல்லக் குடுங்க! சனம் புளி வாங்க நிக்குது!"

"இருங்கண்ணே, சார் இன்னும் பாத்து முடிக்கல."

தனிஸ்லாஸ் உட்கார்ந்து கணக்கைப் போட்டார். எட்டு வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ போட்டதுதான் சரி. ஆனா பரீட்சையில இப்படிக் கேட்டா, புஸ்தகத்துல உள்ள மாதிரியே எழுதிரு. திருத்துறவர் கையிலயும் அதுதான் இருக்கும்."

"அப்பக் கயிறும் புஸ்தகத்தைப் பாத்துட்டுத்தான் ஓடுமா சார்?"

சகாயமேரி கற்களை அவிழ்த்து மொக்கையன் கையில் வைத்தாள். அவன் முனகியபடி போனான்.

செப்டம்பரில் அதே வகைக் கணக்கு, வேறு எண்களோடு வந்தது. பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறையும் தோற்றால் மூன்றாம் வகுப்பிலேயே காலம் கழியும். பிறகு தன் வழியிலேயே எழுதினாள். கயிறு ஏன் இரண்டு பங்கு இறங்கும் என்று படம் போட்டுக் காட்டினாள்.

பாஸாகிவிட்டாள். பௌதிகத்தில் நாற்பத்தொன்று. அந்தக் கணக்குக்கு மார்க் விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அது அவளைப் பல வருஷம் அரித்தது. புத்தகம் போட்டவர்களுக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினாள். எட்டு மாதம் கழித்து ஓர் உறை வந்தது. ஆவலாகப் பிரித்தாள். உள்ளே அவர்களுடைய விலைப்பட்டியல் இருந்தது.

மதுரைப் பள்ளியில் சேர்ந்த வருஷம் கடைத்தெருவில் தனிஸ்லாஸைப் பார்த்தாள். கல்லூரி நூலகத்திலிருக்கும் மூன்று பிரதிகளிலும் விடையை எட்டு என்று திருத்திவிட்டதாகக் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"மையாலயா சார்?"

"பென்சிலாலதான்," என்றார். "ஒருவேளை..."

"என்ன சார் ஒருவேளை?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.